அரைக் கட்டை ஏறிப்போன இசைத்தட்டு

பழைய இசைத்தட்டுகளை மறுபடி வெளியிடும் கம்பெனி ஒன்றுக்காகப் பெங்களூரிலிருந்து வந்திருந்த காசிநாதன், பொன்னுரங்கம் வீட்டுக் கூடத்து மேசையைத் துடைத்து, கையோடு கொண்டுவந்த பிளேயரை அதன்மேல் வைத்தான். வழவழவென்ற கறுப்புத் தட்டை உறையிலிருந்து விளிம்பு பிடித்து எடுத்து அதில் பொருத்தினான். பிறகு செல்போனைப் பொன்னுரங்கத்தின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். நாற்பத்தேழு வருடம் கழித்துத் தன் இசைத்தட்டைத் தானே கேட்கும் மனிதரின் முகத்தில் என்ன வரும் என்று படம் பிடிக்க அவனுக்கு ஆசை.

வந்தது எரிச்சல்.

முதல் பாட்டின் முதல் அடி முடிவதற்குள் பொன்னுரங்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. கையை நீட்டி, "நிறுத்துங்க தம்பி" என்றார்.

"சார்?"

"நிறுத்துங்கன்றேன். வேகமா ஓடுது."

காசிநாதன் பதறிப்போய்க் குனிந்து பார்த்தான். சுற்றும் பிளேயரின் ஓரத்தில் வேகம் காட்டும் புள்ளிகள் அசையாததுபோல் தெரிந்தன. வேகம் சரியாகத்தான் இருந்தது. "மெஷின்ல ஒண்ணும் இல்லை சார். கரெக்டா சுத்துது."

"உங்க மெஷின யாரு குத்தம் சொன்னாங்க? தட்டு தப்பு. அன்னிக்கே தப்பு. நாப்பத்தேழு வருசமா தப்பாவே ஓடிக்கினு இருக்குது."

மோர் கொண்டுவந்த மனைவி ஆண்டாள் தம்ளரைக் காசிநாதன் பக்கம் நகர்த்தினாள். "ஆரம்பிச்சிட்டாரா? குடிங்க தம்பி. நேரமாவும்" என்றாள்.

நேரம் ஆனது. அவர் சொன்னதன் சுருக்கம் இது.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கரும்பு வைத்திருந்த குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை பொன்னுரங்கம். பதினெட்டு வயதில் கள்ளக்குறிச்சிக்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தபோது போய் வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் நின்றவன் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்த சின்னக்கண்ணு. இருவரையும் பேண்டு பிரிவில் தள்ளினார்கள். இவர் கையில் டிரம்பெட், அவன் கையில் டிரம். ஐந்து வருடம் அணிவகுப்புக்கு வாசித்துவிட்டு இருவரும் மெட்ராஸுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே பெரிய ஓட்டல்களில் சாயங்காலங்களில் ஜாஸ் வாசிப்பார்கள். மெட்டு மட்டும் கையில் இருக்கும், மீதியை வாசிக்கிறவன் அந்த நிமிடத்தில் உண்டாக்க வேண்டும். பொன்னுரங்கத்துக்கு அது ஒரே மாதத்தில் ரத்தத்தில் ஏறிவிட்டது. பெரம்பூர்க்காரர் ஒருவர் பியானோ, கோவாக்காரர் ஒருவர் பெரிய பேஸ் பிடில். ஆக நான்கு பேர். எழுபத்திரண்டாம் வருடம் மே மாதம், சின்ன கம்பெனி ஒன்றுக்காக ஒரே நாளில் எட்டுப் பாட்டு வாசித்து ஒரு எல்பி போட்டார்கள். எட்டும் பொன்னுரங்கம் மெட்டுக் கட்டியவை. தட்டின் பெயர் 'கோமுகி'. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'மலையேற்றம்'.

அன்றைக்கு மெட்ராஸில் கரண்ட் மந்தமாக வந்தது. ஸ்டூடியோவின் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. ஒலிப்பதிவு மெஷினும் அதே கரண்டில்தான் ஓடியது. அதுவும் மந்தமாகவே சுற்றியது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு நாள் கரண்ட் ஒழுங்காக வந்தபோது அந்த நாடாவை ஓடவிட்டுத் தட்டுக்கு அச்சு எடுத்தார்கள். மெதுவாகச் சுற்றிப் பதிந்தது சரியான வேகத்தில் ஓடினால் என்ன ஆகும்? எல்லாம் துரிதமாகிவிட்டது. கிட்டத்தட்ட அரைக் கட்டை ஸ்ருதியும் ஏறிவிட்டது.

"ஏறட்டுமேன்னு வுட்ருக்கலாம்" என்றார் பொன்னுரங்கம். "ஆனா 'மலையேற்றம்' கடைசில நான் ஒரு ஸ்வரம் புடிப்பேன். என் ஒதட்டுக்கு அதான் எல்ல. அதுக்கு மேல இந்த ஒதடு போவாது. தட்டுல அதுக்கும் மேல கேக்குது. நான் ஊதாதத்த நான் ஊதுனதா ஒலகம் நம்புது."

காசிநாதன் மெல்லச் சிரித்தான். "அந்த ஸ்வரத்துக்காகத்தான் சார் இந்தத் தட்டையே தேடுறாங்க. பழைய தட்டு ஒண்ணு கெடைச்சா வெளிநாட்டுல சண்டை போட்டு வாங்குறாங்க. நாங்க இதைப் போடுறது சாதாரண ஆளுங்களுக்கு இல்ல. ஆடியோஃபைல்னு சொல்வாங்க, ஒலிப் பைத்தியங்க. ஊசிக்கு ஒரு பணம், வயருக்கு ஒரு பணம் கொட்டிக் கேக்குறவங்க. மூல நாடாவையே கண்டுபிடிச்சு, அதிலேர்ந்து நேரா, ஒரு தூசி சேக்காம எடுக்குறோம். கனமான தட்டு. ஐந்நூறு பிரதி."

"மூல நாடாவே தப்பா இருந்தா?"

"அதுல எப்படி சார் தப்பு இருக்கும்? நாடாவை ஓட்டினா பழைய தட்டுல இருக்குற மாதிரியே வருது. ரெண்டும் ஒத்துப்போகுது."

"ஒத்துதான்யா போவும்! நாடால ஏறுனதுதான தட்டுல வரும்!"

காசிநாதன் நல்ல பிள்ளை. கோபப்படவில்லை. பெட்டியை மூடும்போது மட்டும், "ஞாபகம் சில சமயம் ஏமாத்தும் சார். உங்ககூட வாசிச்சவங்கள்ல யாராவது இதையே சொன்னா எங்க பார்ட்னருங்ககிட்ட நான் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கார் வரப்பு தாண்டும் வரை பொன்னுரங்கம் வாசலில் நின்றார். ஞாபகம் ஏமாற்றுமாம். ஸ்ருதி தப்பினால் எறும்பு கடித்தாற்போல் துள்ளும் காதை வைத்துக்கொண்டு நாற்பத்தேழு வருடம் காலம் தள்ளியிருக்கிறார். அவரிடம் வந்து ஞாபகம் என்கிறான்.

அவனிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது.

தட்டு வந்து இரண்டாவது வருடம் பெங்களூரில் ஒரு அரங்கில் மூன்று நாள் வாசிக்க அழைத்திருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் தட்டைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். முதல் நாள் 'மலையேற்றம்' வாசித்தார், தன் வேகத்தில், தன் ஸ்ருதியில். முடிந்ததும் கைதட்டல் பாதியில் தயங்கியது. பின்னாலிருந்து ஒரு குரல், "தட்டுல இருக்குற மாதிரி வாசிங்க!" என்றது. மறுநாளும் அதே. மூன்றாம் நாள் பொன்னுரங்கத்துக்கு வீம்பு வந்துவிட்டது. அரைக் கட்டை ஏற்றி, அந்த வேகத்திலேயே எடுத்தார். கடைசி ஸ்வரத்தில் டிரம்பெட்டிலிருந்து சத்தத்துக்குப் பதில் காற்று வந்தது. சீட்டி அடித்தார்கள். மெட்ராஸ் திரும்பியும் விடவில்லை. ஆறு மாதம் அந்த ஒரு ஸ்வரத்துக்காக முட்டி மோதியதில் மேலுதட்டின் சதை உள்ளுக்குள் கிழிந்தது. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார். எடுத்தார். உதடு திரும்பி வரவில்லை. டிரம்பெட்டை விற்றுவிட்டு ஊருக்கு வந்து, அப்பாவின் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்தார்.

தன்னைத் தன் தட்டே தோற்கடித்தது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? ஆண்டாளிடம் சொன்னார். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடமாகச் சொல்கிறார்.

பியானோக்காரரும் பேஸ்காரரும் காலமாகிவிட்டார்கள். ஒலிப்பதிவு செய்த அரங்கநாதனும் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் இருப்பது சின்னக்கண்ணு ஒருவர். அடுத்த நாள் காலை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினார்.

கோமுகி அணையைத் தாண்டி மலை வளைவுகள் ஆரம்பித்ததும் காது அடைத்துக்கொண்டது. எச்சில் விழுங்கி விழுங்கி அதைத் திறந்தபடி, என்ன கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கேட்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு போன், ஒரு வார்த்தை.

சின்னக்கண்ணுவின் வீடு வெள்ளிமலைக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கி மேடேறினால் வரும். முற்றம் முழுக்கச் சாமை காய்ந்துகொண்டிருந்தது. சின்னக்கண்ணு கோழி விரட்டும் கோலோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது காது போய்விட்டதால் இடது பக்கம் உட்காரச் சொன்னார். இரண்டு பேரும் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பேச ஆரம்பிப்பதற்குள் சின்னக்கண்ணுவின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. அந்த மணியோசையே 'மலையேற்ற'த்தில் வரும் டிரம்தான். படபடவென்று, தகரத்தில் ஆலங்கட்டி விழுவது போல. பொன்னுரங்கத்துக்குப் பல் கூசியது.

விஷயத்தைச் சொன்னார். சின்னக்கண்ணு முழுதும் கேட்டார்.

"தட்டு ஏறித்தான் இருக்குது. உனக்குத் தெரியுமா தெரியாதாடா?"

"தெரியும்."

"அப்ப போன் போட்டுத் தர்றேன். ஒரு வார்த்த சொல்லு."

"மாட்டேன்."

பொன்னுரங்கத்துக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று பட்டது. "இன்னா?"

"மாட்டேன் பொன்னு. அது அப்பிடியே இருக்கட்டும்."

"பொய்யிடா அது."

"அந்தத் தட்டக் கேட்டுட்டுத்தான் சினிமாவுல என்னத் தேடிக்கினு ஆளு வந்தாங்க. இந்தக் கை வேகம் யாருதுன்னு கேட்டுக்கினு வந்தாங்க. இருவது வருசம் அங்க சோறு துன்னேன். இந்த வூடு, பொண்ணு படிப்பு, இந்தச் சாம வெளையற நெலம், எல்லாம் அந்த வேகத்துல வந்தது."

"பொய்ல வந்தது."

சின்னக்கண்ணு கோலைக் கீழே வைத்தார். "சரி, பொய்னே வெச்சுக்க. மொத நாளு போயி உக்காந்தேன். தட்டுல இருக்குற மாதிரி வாசிப்பான்னாங்க. வரல. அன்னிக்கு வயித்து வலின்னு சொல்லி எழுந்து வந்துட்டேன். மூணு மாசம் தலகாணி மேல குச்சியப் போட்டு அடிச்சு அடிச்சு அந்த வேகத்த கைக்குக் கொண்டாந்தேன். கொண்டாந்தப்புறம் அது எப்பிடிடா பொய்யாவும்? அது என்னுது."

"நானுந்தான் பழகுனேன்!"

"பழகுன. உனக்கு ஒதடு கிழிஞ்சுது. எனக்குக் கை கிழியல. அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்?"

கேட்டதும் பொன்னுரங்கம் எழுந்துவிட்டார். சின்னக்கண்ணுவின் மருமகள் தட்டில் சோறு கொண்டுவந்து நின்றாள். "பசி இல்லம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருப்பது தெரிந்தது. சிமெண்டு பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்துச் சின்னக்கண்ணு மெல்ல இறங்கி வந்து மறுமுனையில் உட்கார்ந்தார். பஸ் வரும் வரை இருவரும் எதிரேயிருந்த கடுக்காய் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஏறும்போதும் பொன்னுரங்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு காசிநாதனுக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் ஒரே பதில் போனில் வந்தது. "உங்க உணர்வு புரியுது சார்."

உணர்வாம். ஸ்ருதியைப் பற்றிப் பேசினால் உணர்வு என்கிறான். "எட்டும் எட்டும் பதினாறுன்னு சொன்னாலும் உங்க உணர்வு புரியுதுன்னுவான் இவன்" என்று ஆண்டாளிடம் கத்தினார். அவள் துவரை புடைத்துக்கொண்டிருந்தாள்.

வழி பிறந்தது அவளால்தான்.

தட்டோடு ஒரு சின்னப் புத்தகம் வைக்கப்போகிறார்களாம், பழைய படங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். காசிநாதன் படங்களை ஆண்டாளின் செல்போனுக்கு அனுப்பியிருந்தான். பொன்னுரங்கத்திடம் இருந்தது பட்டன் போன். அவள் ஒவ்வொன்றாக விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். இளவயதுப் பொன்னுரங்கம், சட்டைக் காலர் கழுத்தை விடப் பெரிதாக. சின்னக்கண்ணு, கண்ணை மூடிக்கொண்டு. கடைசியாக மூல நாடா இருந்த அட்டைப்பெட்டியின் படம். அதன் மூடியில் பென்சிலால் எட்டுப் பாட்டின் பெயரும் கிறுக்கியிருந்தது.

"இது இன்னா, பேருக்குப் பக்கத்துல நம்பரு? நாலாவதுக்கு ஆறு இருவதுன்னு போட்டுருக்குது."

பொன்னுரங்கம் போனைப் பிடுங்கினார். அரங்கநாதனின் கையெழுத்து. கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கவிட்டிருப்பார் மனிதர். ஒவ்வொரு பாட்டையும் அவர்கள் வாசிக்கும்போதே அதில் பிடித்து நேரத்தை எழுதுவார். அது சாவி கொடுக்கும் வாட்ச். கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

"ஆண்டா, அவன் அனுப்புன பாட்டு இருக்குதே, அதுல 'மலையேற்றம்' எத்தினி நிமிசம்?"

அவள் தேடிப் பார்த்தாள். "ஆறு நிமிசம் அஞ்சு செகண்டு."

ஆறு இருபது வாசித்தது ஆறு ஐந்தாக எப்படிச் சுருங்கும்? காலண்டரின் பின்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் என்று எழுதியிருந்த பாட்டு தட்டில் நாலு நாற்பத்தெட்டு. நாலு பத்து என்று இருந்தது சரியாக நாலு நிமிடம். எட்டுப் பாட்டிலும் அதே கணக்கு. இருபத்தைந்துக்கு ஒன்று குறைவு. அன்றைக்கு அந்த அறையில் எந்தப் பக்கமும் சாயாத சாட்சி அந்த வாட்ச் ஒன்றுதான். அது சொன்னதை யாரோ ஒரு அலமாரியில் நாற்பத்தேழு வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

போனில் அவர் எட்டுப் பாட்டின் நேரத்தையும் படித்துக்காட்டி முடித்த பிறகு, மறுமுனையில் விசைகளைத் தட்டிக் கணக்குப் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி? இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்" என்றான் காசிநாதன். "நீங்க சொல்றது சரி சார். தட்டு தப்பு."

பொன்னுரங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தட்டு தப்பு. இந்த இரண்டு வார்த்தையை ஒரு வெளி மனிதன் சொல்லி இதுவரை அவர் கேட்டதில்லை. ஆண்டாள் போனை வாங்கி, "தம்பி, அவருக்கு ஒண்ணும் இல்ல, அப்புறம் பேசுவாரு" என்று சொல்லி வைத்தாள்.

ஒரு வாரத்தில் முடிவு சொன்னான். பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் பழைய தட்டை எதிர்பார்த்துக் கட்டியிருக்கிறார்கள், அதை மாற்ற முடியாது. ஆனால் இரண்டாவது தட்டு ஒன்று சேர்க்கிறோம், அதில் வேகம் குறைத்து, நீங்கள் வாசித்த ஸ்ருதியில். பொன்னுரங்கம் அந்த வாரம் முழுக்க வாய்க்காலில் தண்ணீர் திருப்பும்போது சீட்டி அடித்தார். பக்கத்து வயல்காரர் அய்யனார், "இன்னா மாமா, லாட்டரியா?" என்று கேட்டார்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான அதே மாதத்தில் பெட்டி வந்து சேர்ந்தது. கனமான அட்டை, உள்ளே துணி ஒட்டிய உறைகள். மேலே வட்டமாக ஒரு ஸ்டிக்கர், இங்கிலீஷில். ஆண்டாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதல் தட்டு, மூல நாடாவிலிருந்து அசல் வடிவம். இரண்டாம் தட்டு, இதுவரை வெளிவராத மெதுவான வடிவம்.

"இன்னொரு வாட்டி படி."

"மெதுவான வடிவம்."

காசிநாதன் போனை எடுக்க மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது.

"மெதுவானதுன்னா இன்னா அர்த்தம்? நான் மெதுவா வாசிச்சேனா? இதான்யா அசலு! அத்த அசலுன்னும் இத்த மெதுவானதுன்னும் போட்டு வெச்சிருக்கீங்களே!"

"சார், இதைத் திருத்தப்பட்டதுன்னு போட்டா முதல் தட்டு தப்புன்னு ஆயிடும்."

"தப்புதான? நீங்களே சொன்னீங்களே!"

"தப்பான தட்டை யார் சார் வாங்குவாங்க?"

பொன்னுரங்கம் போனை வைத்துவிட்டார். பொய்யை நிரூபித்து, எதிராளி வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்து, கடைசியில் தன் வாசிப்பையே மட்டம் தட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

பெட்டியை ஒரு வாரம் திறக்கவில்லை. எட்டாம் நாள் சின்னக்கண்ணு போன் செய்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு. "எனக்கும் ஒண்ணு அனுப்பிக்கிறாங்க. இங்க போட்டுக் கேக்க மெசினு இல்ல. கீழ எறங்குறேன். கேக்கலாமா?"

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் தனசேகரனின் மைக்செட் கடையில் இன்னும் வேலை செய்கிற பிளேயர் ஒன்று இருந்தது. தனசேகரன் ஸ்பீக்கர்களைக் கடைக்குள் திருப்பி வைத்து, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டான். வெளியே பஸ்களும் லாரிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஒலிப் பைத்தியங்களுக்காகத் தூசி தட்டி எடுத்த தட்டை, அதை வாசித்த இருவரும் இப்படித்தான் கேட்டார்கள்.

சின்னக்கண்ணுவின் ஆசைப்படி வேகமானது முதலில். அவர் இடது காதை ஸ்பீக்கர் பக்கம் கொடுத்துத் தொடையில் தாளம் போட்டபடி கேட்டார். வாய் காது வரை போயிருந்தது. பொன்னுரங்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருந்தார்.

பிறகு இரண்டாம் தட்டு.

பொன்னுரங்கம் முதலில் கேட்டது தன் மூச்சை. 'மலையேற்ற'த்துக்கு முன்னால் இழுத்த மூச்சு. மற்றதில் அது ஒரு சின்னச் சீறல்தான். இதில் அது ஒரு ஆளின் மூச்சு. பியானோ வந்தது. பெரம்பூர்க்காரர் விரலை எடுக்க மனமில்லாமல் எடுப்பது தெரிந்தது. இதுதான் வேகம், இதுதான், என்று உள்ளே சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசி ஸ்வரத்துக்கு வந்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அது வந்தது. ஆனால் இத்தனை வருடம் மனசுக்குள் வைத்திருந்தது போல இல்லை. ஏறும்போது ஒரு நூல் தயங்கியது. நின்றது. அவர் நினைத்திருந்ததைவிடச் சீக்கிரம் இறங்கிவிட்டது. இருபத்தாறு வயதுப் பையன் ஒருவன் தன்னால் முடிந்ததைச் செய்திருந்தான். இவ்வளவுதானா என்று ஒரு கணம் திக்கென்றது. உடனே அந்தப் பையன்மேல் பரிதாபமாகவும் இருந்தது. இதைக் கொண்டுபோய் அரைக் கட்டை மேலே வை என்று அவனைத்தான் எத்தனை பாடுபடுத்தியிருக்கிறோம்.

ஊசி மேலெழுந்தது.

"நடுவுல நான் ஒரு எடத்துல பிந்திட்டேன். கேட்டியா?" என்றார் சின்னக்கண்ணு. "வேகத்துல அது தெரியல."

"கேட்டேன்."

"நாலு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினு வாசிக்கிறோம் இதுல. அதுல யாரும் யாரையும் பாக்கல. ஓடுறோம்." செல்போன் இருந்த சட்டைப்பையைத் தட்டிக்கொண்டார். "ஆனா என் பேரனுக்கு நான் அத்ததான்டா போட்டுக் காட்டுவேன்."

"போட்டுக் காட்டு. எவன் வாணான்னான்? ஆனா அதான் அசலுன்னு சொல்லாத."

"அத்த நான் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு நீ வந்து அந்தத் தம்பிகிட்ட சொல்லுடான்னு கேட்டப்ப..." சின்னக்கண்ணு முடிக்கவில்லை.

தனசேகரன் தட்டைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டே, கேட்காமலேயே தன் தீர்ப்பைச் சொன்னான். "மொத போட்டீங்களே சார், அதான் சூப்பரு. ரெண்டாவது கொஞ்சம் இழுக்குது."

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். சின்னக்கண்ணு அவர் தோளைப் பிடித்து ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

மாசி பிறந்ததும் காசிநாதன் ஒரு நல்ல செய்தி என்று போன் செய்தான். ஐந்நூறும் தீர்ந்துவிட்டது. இன்னும் ஆயிரம் அடிக்கிறோம். பேசிக்கொண்டே போனவன், கடைசியில் குரலைத் தணித்து, இந்த முறை ஒரு தட்டுதான் சார் என்றான். வாங்கியவர்களைக் கேட்டுப் பார்த்தார்களாம். மெதுவானதை ஒரு தடவைக்கு மேல் பெரும்பாலும் யாரும் போடவில்லையாம்.

பொன்னுரங்கம் அவனை இருபது நிமிடம் திட்டினார். தப்பு, வாட்ச், பென்சில், அரங்கநாதன், மனசாட்சி என்று எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினார். நடுவில் லைன் அறுந்துவிட்டது. அவனே வைத்தானா, டவர் போனதா என்று தெரியவில்லை. திரும்ப அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொன்னாள். அவளையும் ஒரு வார்த்தை திட்டினார்.

ஆண்டாள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அன்று வாய்க்கால் தண்ணீர் இவர்கள் முறை. "ஐந்நூறு பேர் வூட்டுல இருக்குது இல்ல?" என்றாள்.

"இருக்குது. மெதுவானதுன்னு பேர் போட்டு இருக்குது."

"இருக்குதா இல்லியா?"

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் வேகமாக நடந்தார். பாதி வழியில் நின்று, காசிநாதனின் அந்தப் பெங்களூர் விலாசத்தை எங்கே வைத்தாய் என்று கேட்டார்.